முதலில் பெல்ட் மாற்றப் பழகுங்கள்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இந்தக் குளிர்காலத்தில் முதன்முதலாக ஸ்னோமொபைல் வாங்கியிருக்கும், அல்லது வாங்குவதற்கு விலை பேசிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



நவம்பர் பிறந்ததும் பழைய ஸ்னோமொபைல்களின் விற்பனை சூடுபிடிக்கும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியைக் கொட்டகையிலிருந்து இழுத்துவந்து, தூசி தட்டி, வெயிலில் நிறுத்திப் படமெடுத்து விளம்பரம் போடுவார்கள். விலையும் கைக்கு எட்டுவதாகவே இருக்கும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஹாலிபர்ட்டன், மஸ்கோக்கா, பாரி சவுண்ட் என்று வடக்கே போனால் போதும். ஸ்னோமொபைல் கழகங்களின் தன்னார்வலர்கள் செப்பனிட்டு வைத்திருக்கும் பாதைகள் ஒன்ராறியோ முழுவதும் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கின்றன. வண்டிப் பதிவு, காப்புறுதி, ஓட்டுநர் உரிமம், பாதை அனுமதிச்சீட்டு எல்லாம் சரியாக இருந்தால் ஏறிப் போகவேண்டியதுதான். ஊசியிலைக் காட்டுக்குள் புதுப்பனியில் பிள்ளைகளோடு போகும் அந்த அனுபவத்துக்கு ஈடில்லை. அதை எவரும் தவறவிடக் கூடாது.

ஆனால் ஓட்டப் பழகுவதற்கு முன்பு வண்டியைத் திறந்து பார்க்கப் பழகிவிடுங்கள் என்று இம்மடல் உங்களை வேண்டிக் கேட்கிறது. நெடுஞ்சாலையில் கார் நின்றால் இழுத்துப்போக ஆள் வரும். வரும்வரை ஹீட்டர் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கலாம். ஸ்னோமொபைல் நிற்கும் இடமோ சாலையிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கும். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கைபேசிக்குச் சமிக்ஞை இருக்கும் என்ற உறுதியில்லை. மைனஸ் 25 பாகையில், இடுப்பளவு பனியில் நடப்பது வழிப்பயணம் ஆகாது. அது உயிர் பிழைக்கும் போராட்டம். அப்படி நடுவழியில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே திடீரென்று பழுதானவையும் அல்ல. பழுது கராஜிலேயே தொடங்கியிருக்கும். பார்க்கத் தெரிந்தவர் கண்ணில் அங்கேயே பட்டிருக்கும்.

இந்த இயந்திரம் பிறந்ததே மனிதரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான். கியூபெக்கின் வல்கோர் என்ற சிற்றூரில் ஜோசப் ஆர்மன்ட் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக் இருந்தார். பதினைந்து வயதிலேயே, 1922ஆம் ஆண்டின் கடைசி நாளில், பழைய போர்ட் எஞ்சினில் காற்றாடி பூட்டிய பனிவண்டி ஒன்றை ஊர்த் தெருவில் ஓட்டிக் காட்டியவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை, குழந்தை இறந்துபோனது. பல்சக்கரம் சுழற்றும் ரப்பர் டிராக்குக்கு 1937இல் அவர் காப்புரிமை பெற்றார். முதலில் அவர் கட்டி விற்றவை மருத்துவர்களையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச்சென்ற மூடிய பெருவண்டிகள். ஒருவர், இருவர் ஏறிப்போகும் சிறிய ஸ்கீ-டூ 1959இல்தான் வந்தது. நீங்கள் வாங்கும் வண்டி எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், அடியில் சுழல்வது ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான்.

ஒரு விடயத்தில் உங்களுக்குப் பிறர்க்கு இல்லாத அனுகூலம் உண்டு. பழைய ஸ்னோமொபைல்களில் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. 1990களில் பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்தை நெரித்தபோது, சொட்டுப் பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் உங்கள் தந்தையரும் மாமன்மாரும். கரி பிடித்த பிளக்கைத் தெருவோரத்தில் கழற்றி, உரஞ்சித் துடைத்து, திரும்பப் பூட்டிப் போனவர்கள். அவர்களைச் சோபாவிலிருந்து எழுப்பிக் கராஜுக்குக் கூட்டி வாருங்கள். பெற்றோல் வருகிறதா, பொறி வருகிறதா, எஞ்சினுக்குள் அழுத்தம் இருக்கிறதா என்று அன்று அவர்கள் வரிசையாகக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கேயும் கேட்கவேண்டும்.

அதற்கு முன்பு ஒரு கேள்வி இருக்கிறது. எஞ்சின் கிளம்பாவிட்டால் முதலில் பாருங்கள்: ஓட்டுபவரின் உடுப்பில் கொளுவும் பாதுகாப்பு வார் அதன் இடத்தில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா? கைப்பிடியில் உள்ள சிவப்புச் சுவிட்ச் மேலே இருக்கிறதா? பெற்றோல் குழாய் திறந்திருக்கிறதா? அரைமணி நேரம் கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்றபின் சிவப்புச் சுவிட்சைக் கண்டுபிடிப்பது புதியவர்களுக்கு மிகச் சாதாரணமாக நடப்பது.

இவை சரியென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். அது எஞ்சினின் உள்ளே நடப்பதை அப்படியே சொல்லிவிடும். பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் நன்றாக நடக்கிறது. கறுத்து, ஈரமாக, பெற்றோல் மணத்தால் மூக்கைத் துளைத்தால் எரிபொருள் மிஞ்சிவிட்டது. அப்போது சிவப்புச் சுவிட்சை அணைத்து, வாரையும் கழற்றி, பிளக் துளைகளுக்கு அருகே வயரின் முனைகள் வராமல் ஒதுக்கிவைத்து, சோக் இல்லாமல் திராட்டிலை முழுதாக அழுத்திப் பத்துத் தடவை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். பிறகு உலர்ந்த பிளக்கைப் பூட்டுங்கள். இரட்டைச் சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருந்தால் பழுது அந்தப் பக்கத்தில்தான். பல முயற்சிக்குப் பிறகும் பிளக் வறண்டே இருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை.

பிளக் வெள்ளையாக இருந்தால்தான் பயப்படவேண்டும். எரிபொருள் போதாமல் எஞ்சின் அளவுமீறிச் சூடேறுகிறது என்பது அதன் பொருள். இது குளிர் நாட்டுக்கே உரிய ஆபத்து. காற்று குளிரக் குளிர அடர்த்தி கூடும். பூச்சியத்தில் இருப்பதைவிட மைனஸ் 30இல் அதே கன அளவுக் காற்றில் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல் நிறை இருக்கும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியை மார்ச் மாத மிதமான குளிருக்கு யாராவது சரிசெய்து வைத்திருந்தால், ஜனவரியின் கடுங்குளிரில் காற்று மிஞ்சி எரிபொருள் குறையும். எண்ணெயைப் பெற்றோலில் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பெற்றோலோடுதான் எண்ணெயும் உள்ளே போகிறது. ஆகவே சூடும் ஏறும், மசகும் குறையும். வண்டி அன்றைக்கு அபாரமாகப் பறக்கும். பறந்துகொண்டிருக்கும்போதே பிஸ்டன் உருகி ஓட்டை விழும். கார்புரேட்டர் வண்டி வாங்குபவர்கள் எந்த வெப்பநிலைக்கு எந்த அளவு ஜெட் (பெற்றோலை அளந்து விடும் துளை) என்ற அட்டவணையைக் கையேட்டில் பார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். எரிபொருளை எலக்ட்ரானிக் முறையில் செலுத்தும் பிற்கால வண்டிகள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளும்.

வேறு சில அறிகுறிகளையும் மனத்தில் வையுங்கள். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் கோடை முழுக்கத் தேங்கிய பெற்றோல் பிசினாகி, கார்புரேட்டரின் சின்னத் துளையை அடைத்திருக்கிறது. இரண்டு நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அணைந்தால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்த பெற்றோல் தீர்ந்துவிட்டது. பின்னாலிருந்து வரத்து இல்லை. குழாயில் நீர் உறைந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். கார்புரேட்டர் வண்டிகளின் பெற்றோல் பம்ப் பெரும்பாலும் எஞ்சினின் உள்ளழுத்தத் துடிப்பிலேயே இயங்குவது. அந்தத் துடிப்பைக் கொண்டுவரும் சிறு ரப்பர்க் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பம்ப் படுத்துவிடும். பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும் அந்தக் குழாயை வண்டி வாங்கிய வாரத்திலேயே புதிதாக மாற்றிவிடுவது புத்தி.

இனிப் பெல்ட்டுக்கு வருவோம். காட்டுக்குள் வண்டிகளை நிறுத்துவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஸ்னோமொபைலில் கியர் இல்லை. ஊரில் கியர் மாற்றாமல் ஓட்டும் ஸ்கூட்டரில் உள்ள அதே முறைதான். எஞ்சினின் முனையில் ஒரு கிளட்ச், அதற்குப் பின்னால் இன்னொரு கிளட்ச், இரண்டையும் இணைத்து ஒரு அகலமான ரப்பர்ப் பெல்ட். எஞ்சினின் வேகம் கூடும்போது முன் கிளட்சுக்குள் இருக்கும் எடைகள் வெளிநோக்கி வீசப்பட்டு, அதன் இரு தகடுகளையும் நெருக்கும். பெல்ட் அங்கே மேலே ஏற, பின் கிளட்சின் தகடுகள் விலகி அதை உள்ளே இறங்கவிடும். நூற்றுக்கு மேற்பட்ட குதிரைத்திறனையும் அந்த ஒரு பெல்ட்டின் பக்கவாட்டு உராய்வுதான் தாங்கிக் கடத்துகிறது. அதனால் பெல்ட்டின் பகை சூடுதான்.

இரவு முழுதும் நின்ற வண்டியின் டிராக் நிலத்தோடு உறைந்து ஒட்டியிருக்கும். அதைப் பாராமல் ஏறி உட்கார்ந்து திராட்டிலை அழுத்தினால் முன் கிளட்ச் சுழலும், டிராக் அசையாது. பெல்ட் ஒரே இடத்தில் நின்று தேய்ந்து கருகும். அந்த இடம் மெலிந்தபின் அதற்கு ஆயுள் இல்லை. அன்று அறாவிட்டால் அடுத்த வாரம் அறும், அதுவும் வேகமாகப் போகும்போது. ஆகவே காலையில் முதல் வேலை, பின்பக்கக் கம்பியைப் பிடித்து வண்டியின் பின்புறத்தைத் தூக்கி, டிராக்கை விடுவிப்பது. ஸ்கீக்களையும் பக்கவாட்டில் அசைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினைச் சில நிமிடம் சூடேறவிட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாகவே ஓடுங்கள். உறைந்த ரப்பர் விறைத்துப்போய் இருக்கும். அது இளகும்வரை அவகாசம் வேண்டும். முதல்நாள் மாலை இரண்டு பலகைத் துண்டுகளை டிராக்குக்கு அடியில் கொடுத்து நிறுத்தினால் காலைப் பாடு பாதியாகும்.

புதுப் பெல்ட் வாங்கினால் உங்கள் வண்டிக்குரிய எண்ணையே கேட்டு வாங்குங்கள். அகலத்திலோ நீளத்திலோ சிறிது மாறினாலும் கிளட்ச் சரியாக ஏறி இறங்காது. சவர்க்கார நீரில் கழுவி உலர்த்திப் பூட்டுவது நல்லது. தொழிற்சாலைப் பூச்சு வழுக்கும். கிளட்சின் தகடுகளிலும் எண்ணெய்ப் பிசுக்குப் படக்கூடாது. முதல் ஐம்பது மைல் போல முழு வேகம் எடுக்காமல் ஓடிப் பழக்குங்கள். ஓடும் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல மினுங்கினாலோ, நூல் பிரிந்தாலோ, பற்களின் அடியில் வெடிப்புத் தெரிந்தாலோ, மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஒரே பருவத்தில் இரண்டு மூன்று பெல்ட் அறுந்தால் கடைக்காரரையோ பெல்ட்டையோ குறை சொல்லிப் பயனில்லை. இரு கிளட்சுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் இருக்கைகள் தளர்ந்து எஞ்சின் இழுபட்டிருக்கலாம். டிராக் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம். காரணத்தைத் தேடாமல் பெல்ட்டாக வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பது காசுக்குக் கேடு. பெல்ட் வெடித்தபின் புதிதைப் பூட்டுவதற்கு முன்பு, சிதறிய நூல்கள் முன் கிளட்சின் பின்புறத் தண்டில் சுற்றியிருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். அந்த நூல் எஞ்சினின் எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அறுத்துவிட்டால், பெல்ட்டோடு முடியவேண்டிய செலவு எஞ்சின்வரை போகும். கிளட்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஒருபோதும் முறுக்காதீர்கள். தூக்கி நிறுத்திய வண்டியின் டிராக் சுழலும்போது அதன் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் அறவே கூடாது. டிராக்கிலிருந்து கழன்று பறக்கும் ஒரு ஆணி போதும்.

புதியவர்களை மிகவும் ஏமாற்றுவது இன்னொன்று. ஸ்னோமொபைலுக்குப் பனி வேண்டும். வழியாக மட்டுமல்ல, குளிரூட்டியாகவும் மசகாகவும் வேண்டும். நீர் குளிரூட்டும் எஞ்சின்களின் வெப்பமாற்றிகள் இருக்கைக்கு அடியில், டிராக் ஓடும் கூட்டின் கூரையில் இருக்கின்றன. டிராக் வாரியிறைக்கும் பனி அவற்றில் பட்டு உருகித்தான் சூடு தணிகிறது. டிராக்கின் உட்பக்கம் உரசி ஓடும் நீண்ட பிளாஸ்டிக் பட்டிகளுக்கும் பனிதான் எண்ணெய். பனி விழாத உறைந்த ஏரியிலோ, வழித்துத் துடைத்த சாலையிலோ சில கிலோமீட்டர் ஓடினாலே கூலன்ட் கொதிக்கத் தொடங்கும், பட்டிகள் உருகி டிராக்கின் உலோகக் கவ்விகளில் ஒட்டும். மைனஸ் 20இல் எஞ்சின் கொதிக்கிறது என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தால் விளக்கில்தான் பழுது என்று நினைக்கத் தோன்றும். நம்புங்கள், எஞ்சின் உண்மையாகவே கொதிக்கிறது. உடனே ஓரத்தில் கிடக்கும் தளர்ந்த பனிக்குள் இறங்கி ஓடுங்கள். அதுவும் இல்லையென்றால் நிறுத்தி, ஆறவிட்டு, கைகளால் பனியை அள்ளிக் கூட்டுக்குள் திணியுங்கள். பனியைக் கீறித் தூளாக்கி எறியும் வில்கம்பிகளைப் பூட்டிக்கொண்டால் இறுகிய பாதைகளில் பெரிய நிம்மதி. வண்டி பார்க்கப் போகும்போது அந்தப் பட்டிகளின் தடிப்பை அளவிடுங்கள். தேய்மானக் கோடு பொறித்திருக்கும்.

டிராக்கின் தளர்வை அளப்பதற்கும் கையேட்டில் முறை உண்டு: நடுவில் குறித்த எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கவேண்டும். தளர்ந்தால் பல்சக்கரம் பல் தாண்டிக் கடகடக்கும். இறுகினால் வேகமும் பெற்றோலும் வீண். ஸ்கீக்களின் அடியில் உள்ள உலோகப் பட்டி தேய்ந்தால் வண்டி திருப்பத்தில் நேரே போகும்.

பழைய வண்டியை விலை பேசுகிறவர்களுக்கு: நீங்கள் போய்ச் சேரும்வரை எஞ்சினைத் தொடவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். சூடான எஞ்சின் யார் இழுத்தாலும் கிளம்பும். குளிர்ந்து கிடப்பது கிளம்புகிறதா என்பதே சோதனை. நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். இரு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டவேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. சுழற்சியை டிராக்குக்குக் கடத்தும் சங்கிலிப் பெட்டியான செயின் கேஸின் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் காந்தத்தில் உலோகச் சில்லுகள் இருந்தால் உள்ளே பல் உடைகிறது. வெளியே ஒட்டிய பளபளப்பான ஸ்டிக்கரில் மயங்காதீர்கள்.

ஓடத் தொடங்குவதற்கு முன்பு செய்யவேண்டியவற்றில் ஒன்றைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். எஞ்சினைக் கிளப்புமுன் திராட்டிலை அழுத்தி விட்டுப் பாருங்கள். அது தானாகத் துள்ளித் திரும்பவேண்டும். கேபிளுக்குள் ஈரம் உறைந்திருந்தால் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். கிளம்பிய மறுகணம் வண்டி மரத்தை நோக்கிப் பாயும். பாதுகாப்பு வாரை உடுப்பில் கொளுவாமல் எவரையும் ஏறவிடாதீர்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

எடுத்துப்போகும் பைக்குள் ஒரு உதிரிப் பெல்ட், இரண்டு பிளக், பிளக் கழற்றும் சாவி, ஸ்குரூ டிரைவர், இடுக்கி, இழுவைக் கயிறு, கட்டுக்கம்பி, ஒட்டுநாடா, நெற்றி விளக்கு, தீமூட்டி, உலர்ந்த கையுறை ஒரு சோடி, சாப்பாடு ஆகியவை இருக்கட்டும். தனியே போகாதீர்கள். அலாஸ்காவில் 2,000 மைலுக்கு மேல் ஓடும் அயர்ன் டாக் பந்தயத்தில் உலகின் தேர்ந்த ஓட்டுநர்கள் இறங்குகிறார்கள்; அவர்களையே இருவர் இருவராக, ஆளுக்கொரு வண்டியில்தான் விடுகிறார்கள். ஒன்று நின்றால் மற்றது இழுக்கும். ஏரியில் இறங்குமுன் பனிக்கட்டியின் தடிப்பைத் துளையிட்டுப் பாருங்கள். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்ரிமீட்டர் வேண்டுமென்பது கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. எஞ்சினை எவ்வளவு அருமையாகப் பார்த்து வைத்திருந்தாலும் மெல்லிய பனிக்கட்டி அதைப் பொருட்படுத்தாது.

பருவம் முடிந்ததும் வண்டியை அப்படியே மூலையில் தள்ளுவதுதான் அடுத்த ஆண்டின் பாதிப் பழுதுக்குக் காரணம். எத்தனால் கலந்த பெற்றோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதப்படுத்தும் திரவம் சேர்த்து, அது கார்புரேட்டர்வரை போய்ச்சேரச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் துருக்காப்பு எண்ணெய் தெளியுங்கள். பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸும் நீரும் பிதுங்கி வரும்வரை புதுக் கிரீஸ் அடியுங்கள். பின்புறத்தை நிலத்திலிருந்து உயர்த்தி நிறுத்துங்கள். காற்று வடிகட்டிப் பெட்டி எலிகளுக்கு மிகவும் பிடித்த இடம். நுழைவாயை அடைத்தால், அடைத்ததை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். இலையுதிர்காலத்தில் அடைப்பை எடுக்க மறந்து எஞ்சினைக் கிளப்புகிறவர்கள் உண்டு.

இவ்வளவும் கேட்டு மலைத்துவிடவேண்டாம். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரு சனிக்கிழமை ஒரே கராஜில் கூடுங்கள். பெரியவர்கள் பிளக்கைப் பார்க்கட்டும். பெல்ட்டை மாற்றுவது வண்டிக்கு வண்டி சிறிது வேறுபடும். கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஓட்டப்போகிற ஒவ்வொருவரும், பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும், தம் கையாலேயே ஒருமுறை கழற்றிப் பூட்டட்டும். மனைவிக்கும் மகளுக்கும் தெரியவேண்டும். ஓட்டுபவருக்குக் கை முறிந்தால் பெல்ட் மாற்றப்போகிறவர்கள் அவர்கள்தான். முதலில் வெறுங்கையால் செய்து பாருங்கள். பிறகு கையுறையோடு, கராஜ் கதவைத் திறந்துவிட்டு, விளக்கை அணைத்து நெற்றி விளக்கில் செய்து பாருங்கள். அந்த முறை கழற்றிய பெல்ட் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். உங்கள் கிளட்சில் ஏற்கெனவே ஓடிப் பழகிய பெல்ட் அது. புதியதைப் பூட்டி ஓட்டுங்கள். பழையதை, அது ஓடிய திசையை அம்புக்குறியால் குறித்து, மடியாமல் உதிரியாகப் பைக்குள் வையுங்கள்.